மாமா வண்டிக்கு யாருங்க ஓனர்?

பிளவக்கல் அணைக்குப் போற ரோட்டுல எங்க மாமா தோப்பு வாசல்ல ஒரு புளியமரம் இருக்கு. போன மே மாசம் அந்த மரத்தடியில ஒரு மினி லாரி 23 நாள் அசையாம நின்னுச்சு. எஞ்சின் நல்லா இருக்கு. டயர் பொங்கலுக்குப் போட்டது. டேங்க்ல டீசல் இருக்கு. எஃப்சி இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, பெர்மிட் இருக்கு. ஆர்சி புக்குல மாமா பேருதான் இருக்கு. ஆனாலும் வண்டி கிளம்பல.

ஏன்னா டிபன் டப்பா சைஸ்ல இருக்குற ஒரு அலுமினியப் பொட்டி செத்துப்போச்சு. அது கூடப் பரவால்ல. செத்தா வேற வாங்கி மாட்டிக்கலாம். ஆனா வேற பொட்டி வாங்கி மாட்டுனாலும் வண்டி ஓடக்கூடாதுன்னு எங்கயோ ஏசி ரூம்ல உக்காந்து ஒருத்தன் எழுதி வச்சிருக்கான். இந்தப் பதிவு அந்த "ஓடக்கூடாது" பத்தி. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோவம். பொறுத்துக்கங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். வண்டி எந்தக் கம்பெனி, எந்த சர்வீஸ் சென்டர்னு சொல்லப் போறதில்ல. "அந்தக் கம்பெனி அப்படித்தான் பாஸ், எங்க கம்பெனி வண்டி வாங்கிருக்கலாம்ல"னு யாராவது வருவாங்க. இது ஒரு கம்பெனி பண்ற சேட்டை இல்ல. தொழிலே இப்படி ஆயிருச்சு.

நடந்தது இதுதான். மாங்கா சீசனுக்கு முன்னாடி, பின்னாடி படுதா கட்டுற கம்பி விட்டுப்போச்சுன்னு மாமா வத்திராயிருப்புல ஒரு வெல்டிங் பட்டறையில வண்டிய விட்டாரு. கால் மணி நேர வேலை, இருநூறு ரூபா. வெல்டர் எர்த் கிளாம்ப சேஸ்ல மாட்டுனாரு, பத்த வச்சாரு. பேட்டரி வயரைக் கழட்டல. வேலை முடிஞ்சு சாவி போட்டா செல்ஃப் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. எஞ்சின் பிடிக்கவே இல்ல.

ஆர்க் வெல்டிங்ல நூறு ஆம்பியர் சர்வசாதாரணமா ஓடும். எர்த் கிளாம்ப் தள்ளி இருந்தா அந்தக் கரண்ட்டு சேஸ் முழுக்க அலைஞ்சு, கிடைக்கிற எர்த் வயர் வழியெல்லாம் புகுந்துதான் திரும்பும். வழியில ஈசிஎம் இருந்தா கதை முடிஞ்சது. "வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டு, ஈசிஎம் பிளக்கைப் பிடுங்கு"ன்னு வண்டியோட வந்த புக்குல இருக்கு. இங்கிலீஷ்ல. பொடி எழுத்துல. மாமா எட்டாப்பு. ஆக, தப்பு எங்க மேலயும் இருக்கு, ஒத்துக்கறேன். இருநூறு ரூபா வெல்டிங்குக்கு ஒரு பொட்டி போச்சு. அதுக்குத் தண்டம் கட்ட மாமா தயாராத்தான் இருந்தாரு. தண்டம் கட்டுனாலும் வழி இல்லங்கறதுதான் என் கோவம்.

*

இந்தப் பொட்டி என்ன பண்ணுதுன்னு ஒரு பத்தியில சொல்லிடறேன். தெரிஞ்சவங்க தாண்டிப் போகலாம்.

அந்தக் காலத்து லாரியில டீசல் பம்ப் முழுக்க இரும்பு. 1951-ல ஆரம்பிச்ச மைக்கோ கம்பெனி பம்ப்தான் பாதி நாட்டை ஓட்டுச்சு. பம்ப் ரிப்பேர்னா ராஜபாளையத்துலயே பம்ப்-நாசில் பட்டறையில கழட்டி, டெஸ்ட் பெஞ்ச்ல வச்சு, அளவு பாத்து மாட்டிருவாங்க. அப்புறம் காமன்ரெயில் வந்துச்சு. 1995-ல ஜப்பான்ல ஹினோ லாரியில டென்சோ கம்பெனி முதல்ல கொண்டுவந்தது. ஒரே குழாய்ல டீசலை 1,600 பார் மாதிரி அழுத்தத்துல அடைச்சு வச்சிருப்பாங்க (லாரி டயர் காத்து சுமாரா 8 பார்தான், ஒப்பிட்டுப் பாத்துக்கங்க). எந்த சிலிண்டருக்கு எப்ப, எவ்வளவுன்னு திறந்து மூடுறது கம்ப்யூட்டர். நாலு சிலிண்டர் எஞ்சின் 2,400 ஆர்பிஎம்ல ஓடுதுன்னா ஒரு செகண்டுக்கு 80 தடவை அந்த முடிவை எடுக்கணும். ஆக்சிலேட்டர், கிராங்க், கேம், டீசல் அழுத்தம், சூடு எல்லாம் சென்சார் வழியா பொட்டிக்குப் போகும். பொட்டி கணக்குப் போட்டு இஞ்செக்டரைத் திறக்கும்.

இதனால டீசல் மிச்சம், கரும்பொகை கம்மி. அதனால "பழைய மைக்கோ பம்ப் மாதிரி வருமா, கம்ப்யூட்டர் வந்துதான் எல்லாம் கெட்டுச்சு"ன்னு பொலம்புற கோஷ்டியில நான் சேரமாட்டேன். மாமா சேருவாரு. அவர்கிட்ட இதப் பத்தி சண்டையே போட்டிருக்கேன். கம்ப்யூட்டர் வில்லன் இல்ல. கம்ப்யூட்டருக்குப் போட்ட பூட்டுதான் வில்லன். இந்த ரெண்டையும் கலந்து பேசுறது கம்பெனிக்காரங்களுக்கு ரொம்ப வசதி. பூட்டைக் கேள்வி கேட்டா, "டெக்னாலஜி வேணாம்கறீங்களா சார்?"னு வாயை அடைச்சிருவாங்க.

*

சரி, கதைக்கு வருவோம். வண்டியை இன்னொரு வண்டியில கட்டி இழுத்து, கிருஷ்ணன்கோவில் வந்து, பெரிய ரோட்டைப் பிடிச்சு, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனோம். ஸ்கேனர் மாட்டுனாங்க. "கம்யூனிகேஷன் இல்ல. ஈசிஎம் போச்சு." மொத்தம் அஞ்சு நிமிஷம்.

நான் பக்கத்துல நின்னேன். "ஸார், சென்சார் எல்லாம் கழட்டிட்டு 5 வோல்ட் வருதான்னு பாத்தீங்களா?"ன்னு கேட்டேன். ஒரு மாதிரி பாத்தாங்க. ஏன் கேட்டேன்னா, நெறைய வண்டியில பொட்டி சாகுறதே இல்ல. பொட்டி எல்லா சென்சாருக்கும் 5 வோல்ட் குடுக்கும். ஏதாவது ஒரு சென்சாரோ, உரசிப்போன ஒரு வயரோ ஷார்ட் ஆச்சுன்னா அந்த 5 வோல்ட் மொத்தமா விழுந்துரும். சில வண்டியில ஸ்கேனருக்கே பதில் வராது. பொட்டி செத்த மாதிரியே இருக்கும். ஃபியூஸ் போனாலும் அப்படித்தான், மெயின் ரிலே போனாலும் அப்படித்தான், பாடியில மாட்டுற எர்த் போல்ட் துருப்பிடிச்சாலும் அப்படித்தான். ஐம்பது ரூபா வயர் கோளாறுக்கு முக்கால் லட்சம் பொட்டி மாத்துனவங்க இருக்காங்க. மாத்தியும் வண்டி ஓடாம நின்னவங்களும் இருக்காங்க.

எங்க வண்டியில எல்லாம் கழட்டிப் பாத்தும் 5 வோல்ட் வரல. பொட்டிக்குள்ள பவரும் எர்த்தும் சரியாத்தான் போகுது. ஆக நிஜமாவே பொட்டிதான். சரி, என்ன விலை?

86,000 ரூபா. புரோகிராமிங் தனி, 4,500. முழுப் பணமும் முன்னாடியே கட்டணும். பொட்டி வர மூணு நாலு வாரம், "பழைய மாடல் சார், ஸ்டாக் வைக்கிறதில்ல". வண்டி 2013-ல வாங்குனது. இப்ப வித்தா ரெண்டரை லட்சம் போகும். அதுல மூணுல ஒரு பங்கு ஒரு பொட்டிக்கு. அதுவும் மாங்கா மரத்துல பழுத்துக்கிட்டு இருக்கும்போது மூணு வாரம்!

நம்ம பக்கம் சப்பட்டை பறிச்சா அன்னிக்கே மண்டிக்குப் போகணும். நாளைக்குன்னா விலை இறங்கிரும், நாளன்னிக்குன்னா பழம் அழுகிரும். மாமா வாடகை வண்டி பிடிச்சாரு. சீசன்ல வாடகை வண்டிக்காரன் சொல்றதுதான் ரேட். மாமாகிட்ட ஆறு வருஷமா ஓட்டுன டிரைவர் அண்ணன் பத்து நாள் பாத்தாரு. அப்புறம் "வண்டி ரெடியானதும் சொல்லுங்க முதலாளி"ன்னு சொல்லிட்டு திருப்பூர் கிளம்பிட்டாரு. இன்னும் வரல. இனி வரமாட்டாரு.

நான் மதுரையில காயலான் கடை காயலான் கடையா ரெண்டு நாள் அலைஞ்சேன். ஆக்சிடென்ட் ஆன வண்டியில கழட்டுனது, அதே பார்ட் நம்பர், கடைசி எழுத்து வரைக்கும் அதே. 15,000 ரூபா. பில்லு கூட வாங்குனேன். கொண்டுவந்து மாட்டுனா டேஷ்போர்டுல சாவிப் படம் போட்ட லைட்டு கண்ணடிக்குது. செல்ஃப் சுத்துது, டீசல் விடமாட்டேங்குது. பொட்டி நல்லா இருக்கு, ஸ்கேனர்ல பேசுது. "நான் வேற வண்டியோட பொட்டி, உனக்கு ஓடமாட்டேன்"ங்குது. அவ்வளவுதான்.

திரும்ப சர்வீஸ் சென்டர். "இந்தப் பொட்டியில எங்க சேஸ் நம்பரை ஏத்திக் குடுங்க. நீங்க சொன்ன 4,500 குடுத்துடறோம்."

"வெளியில வாங்குன பார்ட்டுக்கு நாங்க பண்ண மாட்டோம் சார்."

"ஏன், முடியாதா?"

"முடியும் சார். சர்வர்ல லாகின் பண்ணிப் பண்ணணும். பாலிசி இல்ல."

இந்த "முடியும், ஆனா பாலிசி இல்ல"ங்கற வார்த்தையைக் கேக்கும்போது மாமா என் மூஞ்சியப் பாத்தாரு. அந்தப் பார்வைக்குக் காரணம் அப்புறம் சொல்றேன்.

*

கடைசியில வண்டியை ஓட வச்சது ராஜபாளையத்துல ஒரு சின்னக் கடை. பேரு, இடம் எதுவும் சொல்ல மாட்டேன். காரணம் உங்களுக்கே புரியும். வயசு இருபத்தி மூணு இருக்கும் அந்தத் தம்பிக்கு. ரெண்டு பொட்டியையும் மேசை மேல வச்சு, வயர் மாட்டி, பழைய பொட்டியோட மெமரியைப் படிச்சான். எங்க பொட்டியில செத்தது பவர் பகுதி மட்டும்தான், மெமரி உயிரோட இருந்துச்சு. அதுல இருந்ததை அப்படியே புதுசுல எழுதுனான். சேஸ் நம்பர், சாவிக்கான ரகசிய எண், இஞ்செக்டர் கோடு (ஒவ்வொரு இஞ்செக்டர் தலையிலயும் ஃபேக்டரியில அளந்து பொறிச்ச ஒரு கோடு இருக்கும், அதைப் பொட்டிக்குச் சொல்லணும்), எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. நாப்பது நிமிஷம். 6,000 ரூபா. கொண்டுபோய் மாட்டி, சாவி போட்டா முதல் சுத்துலயே பிடிச்சுக்கிச்சு.

மொத்தச் செலவு 21,000. கம்பெனி சொன்னது 90,500. பணம் கூட விடுங்க. அந்த நாப்பது நிமிஷ வேலைய முதல் வாரமே முறையா, ரசீதோட, தலை நிமிந்து பண்ணிருக்கலாம்ல? ஏன் திருட்டு சிடி வாங்குற மாதிரி, கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வச்சுக்கிட்டுப் பண்ணணும்? சொந்த வண்டி. சொந்தக் காசுல வாங்குன பொட்டி. பில்லு கையில இருக்கு. எதைத் திருடுனோம்?

*

இப்ப மாமா பார்வைக்கு வரேன். நான் பொட்டி தட்டுற ஆளு. அதுலயும் நான் தட்டுறது வண்டிப் பொட்டி. ரெண்டு வருஷம் ஒரு புராஜெக்ட்ல எனக்குக் குடுத்த ஆணி என்ன தெரியுமா? இதே பூட்டுதான். ஸ்கேனர் வந்து "உள்ள விடு"ன்னு கேட்டா, பொட்டி ஒரு எண்ணைத் தரும். அந்த எண்ணை ரகசியக் கணக்குல போட்டு சரியான விடையைத் திருப்பிச் சொன்னாத்தான் கதவு திறக்கும். சீட்-கீ அப்படிம்போம். ஐஎஸ்ஓ 14229 ஸ்டாண்டர்டுல 27-ஆம் நம்பர் சர்வீஸ். தப்பா சொன்னா பத்து செகண்ட் காத்திருக்க வைக்கணும், அதுக்கு நான் எழுதுன கோடு ரிவ்யூவுல பாராட்டு வாங்குச்சு. ஹி ஹி. ரிலீஸ் அன்னிக்கு பீட்சா கூட வாங்கிக் குடுத்தாங்க.

சர்வீஸ் சென்டர்லருந்து திரும்பி வரும்போது மாமா கேட்டாரு, "ஏன் மாப்ள, இந்தப் பூட்டெல்லாம் உன்னய மாதிரிப் பயலுகதான செய்றீங்க?"

"ஆமா மாமா."

"சாவி யாருக்குக் குடுக்கணும்னு யாராச்சும் கேட்டாய்ங்களா?"

கேக்கல. மூணு மீட்டிங்ல நான் உக்காந்திருக்கேன். எந்த எண்ணை எத்தனை பிட்டுல வைக்கணும்னு பேசுனோம். யார் உடைப்பாங்கன்னு பேசுனோம். வண்டி வாங்குனவனுக்கு ஒரு சாவி குடுக்கணுமான்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. அதனால இந்தப் பதிவுல திட்டு வாங்குறவங்க லிஸ்ட்ல நானும் இருக்கேன்.

*

கம்பெனி பக்கம் நியாயம் சொல்றவங்க மூணு காரணம் சொல்வாங்க. ஆபீஸ்லயே கேட்டுட்டேன். ஒவ்வொண்ணாப் பாப்போம்.

முதல் காரணம், திருட்டு. யாரு வேணா பொட்டி மாத்திக்கலாம்னா திருடன் பொட்டியைத் தூக்கிக்கிட்டு வருவான்ல? சரி, நியாயம். சாவி லைட்டு இருக்கட்டும், இம்மொபிலைசர் இருக்கட்டும். ஆனா மாமா ஆர்சியோட, வண்டியோட, ஆளோட நேர்ல நின்னாரு. திருடன் சர்வீஸ் சென்டருக்கு வந்து ஆர்சி காட்டி, ரசீது கேக்க மாட்டான். ஓனர்தான்னு தெரிஞ்ச பிறகும் திறக்காத பூட்டு திருடனுக்குப் போட்டது இல்ல, ஓனருக்குப் போட்டது.

ரெண்டாவது, பொகை. கண்டவன் உள்ள போனா மேப்பை மாத்தி, கூடுதல் டீசல் அடிச்சு, கரும்பொகை கக்க விடுவான். இதுவும் உண்மைதான். யூரியா ஊத்துற வண்டியில ஊத்தாமலே ஓட்டுறதுக்கு டூப்ளிகேட் கருவி மாட்டுறாங்க, எனக்கும் தெரியும், அது தப்பு. ஆனா நாங்க பண்ணுனது மேப்பை மாத்துறது இல்ல. ஒரு எழுத்து கூட மாறல. கம்பெனி எழுதுனதையே கம்பெனி பொட்டியில வச்சோம். மேப்புக்குக் கையெழுத்துப் பூட்டு போடறது வேற, பொட்டிய வண்டியோட சேர்க்கிறதுக்குப் பூட்டு போடறது வேற. ரெண்டும் தனித்தனி வேலை, தனித்தனி கோடு. ஒண்ணைப் பூட்டி இன்னொண்ணைத் திறந்து விட முடியும். முடியாதுன்னு எவனாவது சொன்னா என்கிட்ட அனுப்புங்க.

அப்புறம், பூட்டு பொகையைக் காப்பாத்துதுன்னு சொல்றதுக்கு முன்னாடி 2015 செப்டம்பரை ஞாபகம் வச்சுக்கணும். ஃபோக்ஸ்வேகன் கம்பெனி உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டியில, டெஸ்ட் பண்ணும்போது மட்டும் நல்லபிள்ளையா நடிக்கிற சாஃப்ட்வேரை வச்சது வெளிய வந்துச்சு. அந்தச் சாஃப்ட்வேரை எழுதி வச்சது ரோட்டோர மெக்கானிக் இல்ல. பூட்டு வச்சிருந்த கம்பெனியே. அதைக் கண்டுபிடிக்க வழி பண்ணுனது வெஸ்ட் வர்ஜீனியா யூனிவர்சிட்டிக்காரங்க. காரை ரோட்டுல ஓட்டி, பொகைக்குழாய்ல கருவி மாட்டி அளந்தாங்க. பொகைக்குக் காவல் வேணும்னா குழாயில அளங்க சாமி, மாமாவோட பொட்டியில எதுக்குப் பூட்டு?

மூணாவது, "ரோட்டோர மெக்கானிக்குக்கு இதெல்லாம் தெரியாது, பாதுகாப்பு முக்கியம்". இதுதான் எனக்கு ரொம்பக் கடுப்பேத்துறது. தெரியாதுன்னா சொல்லிக் குடு. வயரிங் படம் குடுக்க மாட்ட, பின் நம்பர் குடுக்க மாட்ட, ஸ்கேனர் விக்க மாட்ட, அப்புறம் "அவனுக்குத் தெரியாது"ம்ப. மைக்கோ பம்பை நம்ம பட்டறைக்காரங்க கருவிலயா கத்துக்கிட்டு வந்தாங்க? பெஞ்ச் இருந்துச்சு, அளவு சார்ட் இருந்துச்சு, கத்துக்கிட்டாங்க. வெல்டிங் வைக்கும்போது பேட்டரியக் கழட்டணும்னு ஒரு வரி, தமிழ்ல, ஒரு ஸ்டிக்கர் சேஸ்ல ஒட்டிருந்தா எங்க பொட்டியே செத்திருக்காது. ஸ்டிக்கர் அடிக்க சிவகாசி பக்கத்துலதான் இருக்கு!

*

"சட்டம் என்ன சொல்லுது?"ன்னு கேப்பீங்க. சட்டம் நம்ம பக்கம்தான் பேசிருக்கு. பேச்சோட நிக்குது.

2014 ஆகஸ்ட் 25-ல இந்தியப் போட்டி ஆணையம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.64 கோடி ரூபா அபராதம். எதுக்கு? ஸ்பேர் பார்ட்ஸையும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்காம பண்ணி, ஓனரை வேற வழியில்லாம தங்ககிட்டயே வர வச்சதுக்கு. பார்ட்ஸை வெளியில விக்க விடுங்க, கருவியையும் தகவலையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்கச் செய்யுங்கன்னு உத்தரவு. 2016 டிசம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூணு கம்பெனிக்கு அபராதத்தைக் குறைச்சுச்சு. ஆனா பண்ணுனது தப்புதான்னு அதுவும் சொல்லிருச்சு. சரி, கார் வச்சிருக்கவங்களுக்காச்சும் ஒரு தீர்ப்பு இருக்கு. லாரி வச்சிருக்கவன்?

2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை "ரிப்பேர் பண்ணிக்கிற உரிமை"ன்னு ஒரு கமிட்டி போட்டாங்க. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வாகனம்னு நாலு துறை. அதே வருஷம் டிசம்பர் 24-ல ஒரு வெப்சைட்டும் திறந்தாங்க. போய்ப் பாத்தேன். கம்பெனி விருப்பப்பட்டுப் போடுற தகவல்தான் இருக்கு. விருப்பப்பட்டு! பூட்டு போட்டவனே விருப்பப்பட்டு சாவி குடுப்பான்னு காத்திருக்கோம். 2025 மே மாசம் வந்த ரிப்பேர் மதிப்பெண் அறிக்கையும் மொபைல், எலக்ட்ரானிக் சாமானைப் பத்தித்தான். லாரி அதுல இல்ல.

இன்னொண்ணு. காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஏஏ). முறையா கையில வச்சிருக்கற கம்ப்யூட்டர் புரோகிராமை, அது தொலைஞ்சாலோ கெட்டுப்போனாலோ பாதுகாப்புக்குன்னு ஒரு நகல் எடுத்து வச்சுக்கிறது மீறல் ஆகாதுங்குது. 2012-ல சேத்த பிரிவு 65ஏ பூட்டை உடைக்கிறதைக் குத்தமாக்குது, ஆனா உரிமையை மீறுற நோக்கத்தோட உடைச்சாத்தான். நான் வக்கீல் இல்ல. ஆனா கெட்டுப்போன பொட்டியில இருந்ததை அதே வண்டிக்காக இன்னொரு பொட்டியில வச்சது எந்த உரிமையை மீறுனதுன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடல. அப்புறம் ஏன் அந்தத் தம்பி ஷட்டரை இறக்கி வைக்கிறான்? பயம். "பாலிசி"ங்கற வார்த்தைக்கே சட்டத்தை விடப் பெரிய பயம் நம்ம ஊர்ல.

வெளிநாட்டுலயும் சும்மா கிடைக்கல, சண்டை போட்டுத்தான் வாங்கிருக்காங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012-ல மக்கள் ஓட்டுப் போட்டு காருக்கு ரிப்பேர் உரிமை வாங்குனாங்க. 2015-ல பெரிய லாரிகளுக்குன்னு தனி ஒப்பந்தம் வந்துச்சு. அதே 2015-ல, வண்டிச் சொந்தக்காரன் ரிப்பேருக்காக வண்டி சாஃப்ட்வேர் பூட்டைத் திறந்தா குத்தமில்லன்னு அந்த ஊர் காப்பிரைட் ஆபீஸ் விலக்கு குடுத்துச்சு. 2018-ல மெக்கானிக்கும் திறக்கலாம்னு நீட்டுனாங்க. டிராக்டர் விவசாயிங்க ஜான் டியர் கம்பெனியோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டி 2023 ஜனவரியில ஒரு ஒப்பந்தம் வாங்குனாங்க. அதுவும் பத்தலன்னு 2025 ஜனவரியில அந்த நாட்டு வணிக ஆணையமே கேஸ் போட்டுச்சு. டிராக்டர் விவசாயிக்கும் பிளவக்கல் தோப்புக்காரருக்கும் பிரச்னை ஒண்ணுதான். சீசன்ல நிக்குது, பூட்டு வேற எவன்கிட்டயோ இருக்கு.

*

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. கோடைத் திறந்து குடுங்கன்னு கேக்கல. ஓசியில குடுங்கன்னும் கேக்கல. நாலே விஷயம்.

ஒண்ணு. ஓனர் ஆர்சியோட வந்தா, பொட்டி எங்க வாங்குனதா இருந்தாலும், அதே பார்ட் நம்பர்னா வண்டியோட சேத்துக் குடுக்கணும். காசு வாங்கிக்கங்க.

ரெண்டு. வயரிங் படமும், பின் நம்பரும், கோளாறு எண்ணுக்கு அர்த்தமும் எல்லா மெக்கானிக்குக்கும் நியாயமான விலைக்கு. தமிழ்லயும்.

மூணு. வண்டி வித்து முடிச்ச பிறகு குறைஞ்சது 15 வருஷம் பொட்டி கிடைக்கணும். தயாரிக்க முடியலன்னா அந்த மாடலோட பூட்டைத் திறந்து விட்டுரணும்.

நாலு. வண்டி வாங்கும்போதே அந்தப் பொட்டியோட மெமரி நகல் ஒண்ணு ஓனர் கைக்கு வரணும், ஸ்பேர் சாவி குடுக்கற மாதிரி.

இதை இப்பக் கேக்கலன்னா பின்னாடி ரொம்ப லேட். 2017 ஏப்ரல் 1-ல நாடு முழுக்க பிஎஸ்-4, 2020 ஏப்ரல் 1-ல பிஎஸ்-6. இப்ப விக்கிற டீசல் லாரி எதுலயும் பொட்டி இல்லாம எஞ்சின் மூச்சு விடாது. பொகைக்குன்னே சேத்துப் பொருத்துன சாமான் எல்லாம் கம்ப்யூட்டர்தான் பாத்துக்குது. அந்த வண்டிங்க இன்னும் ஆறேழு வருஷத்துல மாமா வண்டி வயசுக்கு வரும். எட்டு வருஷம் தாண்டுன வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுக்கறோம். பிரேக் பாக்கறாங்க, லைட்டு பாக்கறாங்க, பொகை பாக்கறாங்க, "ஓடலாம்"னு கவர்மென்ட் முத்திரை குத்துது. அந்த முத்திரைக்கு மேல "ஓடக்கூடாது"ன்னு ஒரு சர்வர் சொன்னா, வண்டி யாருதுங்க?

ஆபீஸ்ல போன வாரம் புது புராஜெக்ட்டுக்கு ரிக்வயர்மென்ட் மீட்டிங். பொட்டி சேர்க்கிற பகுதி வந்தப்ப, "ஓனர் ஆர்சியோட வந்தா வெளி மெக்கானிக் பண்றதுக்கு ஒரு வழி வைக்கலாமா?"ன்னு கேட்டேன். ரெண்டு பேரு சிரிச்சாங்க. மேனேஜர் "கஸ்டமர் கேக்கலையே"ன்னாரு. கஸ்டமர்னு அவரு சொன்னது வண்டி செய்ற கம்பெனியை. வண்டி வாங்குறவனை இல்ல. மினிட்ஸ்ல என் கேள்விய எழுதச் சொன்னேன். எழுதிருக்காங்க, கடைசி வரியா. அடுத்த மீட்டிங்லயும் கேப்பேன்.

மாமா வண்டி இப்ப ஓடுது. புது டிரைவர் கிடைக்கல, மாமாவே ஓட்டுறாரு, அறுபத்தி ரெண்டு வயசுல. செத்த பொட்டிய காயலான் கடைக்குப் போடச் சொன்னேன். மாட்டேன்னு துணியில சுத்தி பீரோவுல வச்சிருக்காரு. "ஒருவேளை திருப்பி வேணும்னா மாப்ள."

பி.கு. 1: வண்டியில வெல்டிங் வைக்கும்போது பேட்டரி மைனஸ் வயரைக் கழட்டிருங்க, ஈசிஎம் பிளக்கைப் பிடுங்கிருங்க, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்கு ஒட்டி மாட்டச் சொல்லுங்க. வெல்டர் அண்ணன்கிட்ட சண்டை வந்தாலும் பரவால்ல.

பி.கு. 2: பொட்டி போச்சுன்னு யாராவது சொன்னா உடனே காசைக் கட்டாதீங்க. ஃபியூஸ், ரிலே, எர்த் போல்ட், அப்புறம் சென்சாரை ஒவ்வொண்ணாக் கழட்டி 5 வோல்ட் திரும்பி வருதான்னு பாக்கச் சொல்லுங்க. பாக்க மாட்டேன்னா வேற ஆளைப் பாருங்க.

பி.கு. 3: பழைய காமன்ரெயில் வண்டி வச்சிருந்தா, பொட்டி உசுரோட இருக்கும்போதே தெரிஞ்ச ஆளை வச்சு அதோட மெமரியைப் படிச்சு ஒரு பென்டிரைவ்ல வச்சுக்கங்க. எங்களுக்கு மெமரி தப்பிச்சது அதிர்ஷ்டம். எல்லா வெல்டிங்லயும் தப்பிக்காது.